பருந்து தரையில் கிடந்தால்: வேட்டைப் பறவைகளையும் பிற காட்டுப் பறவைகளையும் நேருக்கு நேர் சந்திக்கும்போது செய்ய வேண்டியவை

சென்னையிலோ மதுரையிலோ நண்பகலில் மொட்டை மாடியில் நின்று அண்ணாந்து பார்க்கிற எவருக்கும் ஒரு கரும்பருந்தாவது வட்டமிடுவது கண்ணில் படும். நாள்தோறும் பார்ப்பதால் அதை யாரும் பொருட்படுத்துவதில்லை. அதே பருந்து இறக்கையில் மாஞ்சா நூல் சுற்றியபடி அந்த மாடியிலேயே வந்து விழும்போது வீடே கூடிவிடுகிறது. ஒருவர் அதன் வாயில் தண்ணீர் விடுகிறார், இன்னொருவர் தயிர்சோறு வைக்கிறார், பிள்ளைகள் சுற்றி நின்று படம் எடுக்கிறார்கள். நல்ல மனத்தோடு செய்யப்படும் இந்த மூன்று செயல்களும் அந்தப் பறவைக்கு நூல் அறுத்த காயத்தைவிடப் பெரிய கேட்டைச் செய்யக்கூடியவை.

நான் முதன்முதலில் கையில் எடுத்த பருந்துக்கு மருந்துப் புட்டியின் மூடியால் தண்ணீர் புகட்டினேன். இரண்டு முறை விழுங்கியது, மூன்றாம் முறை இருமுவதுபோல் தலையை உதறியது, இரவுக்குள் இறந்துவிட்டது. தண்ணீர் மூச்சுக்குழலுக்குள் போயிருக்கிறது என்பதை மறுநாள் ஒரு கால்நடை மருத்துவர் விளக்கிய பிறகே புரிந்துகொண்டேன். அன்று எனக்குத் தெரியாதிருந்தவற்றைத் தமிழ்நாட்டுச் சூழலுக்கு ஏற்றபடி வரிசையாக இங்கே எழுதுகிறேன்.

முதற்படி: எட்ட நின்று, எந்தப் பறவை என்று பாருங்கள்

பேச்சுவழக்கில் அலகு வளைந்த பறவை எல்லாமே கழுகுதான். ஆனால் எந்த நேரத்தில் விடுவிப்பது, எதனால் நமக்கு ஆபத்து, யாரிடம் சொல்வது என்பவை இனத்துக்கு இனம் மாறுவதால், தொடுவதற்கு முன் பத்தடி தள்ளி நின்று ஒரு நிமிடம் பார்த்துவிடுவது நல்லது.

நகரங்களில் மிகுதியாக அகப்படுவது கரும்பருந்து. உடல் முழுவதும் பழுப்பு, வால் நுனி நடுவில் கவட்டைபோல் உள்வாங்கியிருக்கும். செம்பருந்தின் தலையும் மார்பும் வெள்ளை, மற்ற உடல் செங்கல் நிறம்; கோயிலுக்கு மேலே பறந்தால் கருடன் என்று கன்னத்தில் போட்டுக்கொள்வது இதைப் பார்த்துத்தான். இதன் இளம்பறவை பழுப்பாக இருந்து பலரையும் ஏமாற்றும். வால் நுனி பிளவின்றி வட்டமாக இருப்பதைக் கொண்டு பிரித்தறியலாம். வல்லூறு மாடப்புறாவைவிடச் சற்றே சிறியது. முதுகு சாம்பல் நிறம், மார்பில் செம்பழுப்புக் குறுக்குக் கோடுகள். மைனாவையோ புறாவையோ துரத்திக்கொண்டு சன்னல் வழியே கூடத்துக்குள் புகுந்துவிடும் பறவை பெரும்பாலும் இதுதான். அக்காக்குயில் அச்சு அசலாக வல்லூற்றைப் போன்ற தோற்றம் கொண்டது. ஐயம் வந்தால் காலைப் பாருங்கள். வல்லூற்றின் விரல்கள் தடித்து, வளைந்த கூர் நகங்களோடு இருக்கும். குயிலின் கால் மெலிந்தது, விரல்கள் இரண்டு முன்னும் இரண்டு பின்னுமாக அமைந்தவை.

இரவாடிகளில் இரண்டு இனங்கள் நம் வீடுகளை ஒட்டியே வாழ்கின்றன. ஒன்று மைனா அளவேயான புள்ளி ஆந்தை. மற்றொன்று கோபுர மாடங்களிலும் பாழடைந்த கட்டடங்களிலும் பனை, தென்னைகளின் பொந்துகளிலும் குடியிருக்கும் கூகை. இதய வடிவிலான வெள்ளை முகம் கொண்டது. கூகைக் குஞ்சுகள் ஆளைக் கண்டால் பாம்பைப் போலச் சீறும். சில ஆண்டுகளுக்கு முன் விசாகப்பட்டினத்தில் ஒரு கட்டுமான இடத்தில் எடுக்கப்பட்ட கூகைக் குஞ்சுகளின் காணொளியை வேற்றுக்கிரகவாசிகள் என்று சொல்லி நாடெங்கும் பரப்பினார்கள். நம் ஊரில் இவற்றுக்குக் காத்திருப்பது அதனினும் மோசமான முடிவு: பாம்பென்று அஞ்சிப் பொந்துக்குள் புகை போடுவதும், அலறினால் சாவு விழும் என்று கல்லால் அடிப்பதும் இன்றும் நடக்கின்றன. வயலில் எலியைப் பிடிப்பதற்காகவே டெல்டா மாவட்ட உழவர்கள் பறவைத் தாங்கிகளை நட்டு ஆந்தையை வரவழைக்கிறார்கள் என்பதை அப்படிப்பட்டவர்களிடம் சொல்லிப் பார்க்கலாம். எலித் தொல்லை உள்ள தெருவில் இந்தப் பேச்சு எடுபடும்.

இரண்டாம் படி: அதற்கு உதவி தேவைதானா என்று முடிவு செய்யுங்கள்

தரையில் இருக்கும் பறவையெல்லாம் அடிபட்ட பறவையன்று. வல்லூறு தான் வீழ்த்திய இரையின்மேல் இறக்கையை விரித்துக் குடைபோல் மூடி நிற்கும்; பார்ப்பவருக்கு இறக்கை ஒடிந்து கிடப்பதாகத் தோன்றும். மழையில் நனைந்த பருந்து வெயில் வந்ததும் சுவர்மேல் இறக்கையை விரித்துக் காயவைக்கும். இவற்றை நெருங்கினால் இரையும் இளைப்பாறலும்தான் கெடும். ஆள் நெருங்கியும் பறக்காதது, ஒரு இறக்கை மற்றதைவிடத் தாழ்ந்து தொங்குவது, இரத்தம், ஈ மொய்ப்பது, நிற்க முடியாமல் மார்பின்மேல் சாய்ந்திருப்பது, தலையை ஒரு பக்கமாகத் திருப்பியபடியே இருப்பது, பூனையோ நாயோ கவ்வியிருப்பது ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் உதவி தேவை. பூனை கவ்விய பறவைக்கு வெளியே காயமே தெரியாவிட்டாலும் மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும். பூனையின் பல் ஊசிமுனையளவு துளையிட்டுக் கிருமியை உள்ளே செலுத்திவிடும்.

குஞ்சுகளைப் பற்றிக் கூடுதலாகச் சொல்லியாக வேண்டும். ஆண்டுதோறும் "மீட்கப்பட்டு" வளர்ப்போர் கையில் சாகும் குஞ்சுகளுள் பல, தாய் தந்தையின் கண்காணிப்பில் நலமாக இருந்தவை. இறகு முழுவதும் முளைத்து, கிளையிலோ மதிலிலோ உட்கார்ந்து, தத்தித் தத்திப் பறக்க முயலும் குஞ்சு அந்த வயதுக்குரிய வேலையைத்தான் செய்கிறது. புள்ளி ஆந்தைக் குஞ்சுகளும் வல்லூற்றுக் குஞ்சுகளும் சரியாகப் பறக்கக் கற்பதற்குச் சில நாள் முன்பே பொந்தையும் கூட்டையும் விட்டு வெளியே வந்து கிளைகளில் உட்கார்ந்திருக்கும். அப்படிப்பட்ட குஞ்சு தரைக்கு வந்துவிட்டால், நாயைக் கட்டிப் போட்டு, குஞ்சை அருகிலுள்ள தாழ்ந்த கிளையில் ஏற்றிவிட்டு, முப்பது மீட்டராவது தள்ளிப் போய்விடுங்கள். வல்லூறாக இருந்தால் சில மணி நேரத்தில் பெற்ற பறவை வரும். ஆந்தையாக இருந்தால் இருட்டும்வரை காத்திருக்க வேண்டும்; பகலெல்லாம் தாய் வரவில்லையே என்று பதறி எடுத்துச் செல்வதுதான் பலரும் செய்யும் தவறு.

உடலில் பஞ்சுபோன்ற தூவி மட்டுமே உள்ள சிறு குஞ்சு கூட்டிலிருந்து தவறி விழுந்ததாகும். காயம் இல்லையென்றால் அதைக் கூட்டிலேயே திரும்ப வையுங்கள். மனிதக் கை பட்டால் தாய் சேர்க்காது என்பது ஊரெங்கும் நம்பப்படுகிற பொய்; பறவைகள் குஞ்சை மோப்பத்தால் ஒதுக்குவதில்லை. கூடு எட்டாத உயரத்தில் இருந்தாலோ மரமே விழுந்துவிட்டாலோ, அடியில் நீர் வடியும் மூங்கில் கூடை ஒன்றில் காய்ந்த சுள்ளிகளைப் பரப்பி, அதே மரத்திலோ அடுத்த மரத்திலோ பூனை ஏற முடியாத உயரத்தில், வெயில் நேரே விழாத பக்கமாகக் கட்டிக் குஞ்சை அதில் வைக்கலாம். குஞ்சின் குரல் கேட்கும் தொலைவில் கூடை இருந்தால் பெற்ற பறவை தேடி வந்து ஊட்டும். ஏணியை எடுத்து வைத்துவிட்டு எல்லோரும் வீட்டுக்குள் போய்விட வேண்டும் என்பது முக்கியம். கீழே கூட்டம் நின்றால் எந்தத் தாயும் இறங்காது.

தலையில் பாயும் பறவைகள்

காயம் பட்டுக் கிடப்பதைவிட நம்மைக் காயப்படுத்த வருவதுதான் சிலருக்கு வேட்டைப் பறவையோடு நேரும் முதல் சந்திப்பு. கரும்பருந்துகள் குளிர்காலத்திலிருந்து கோடைத் தொடக்கம்வரை பெரிய மரங்களிலும் கைப்பேசிக் கோபுரங்களிலும் கூடு வைக்கின்றன. கூட்டில் குஞ்சு இருக்கும் சில வாரங்களுக்கு, அக்கம்பக்கத்து மாடியில் துணி காயப்போட வருகிறவரைப் பின்புறமாக வந்து நகத்தால் கீறிவிட்டுப் போவதுண்டு. காகமும் கோடையில் இதையே செய்கிறது. காகம் தலையில் தட்டினால் சனி பிடிக்கும் என்று எள் விளக்கு ஏற்றுகிறவர்கள், தலைக்கு மேலுள்ள கிளையில் கூடு இருக்கிறதா என்று அண்ணாந்து பார்த்தால் காரணம் விளங்கிவிடும்.

இதற்குத் தீர்வு எளிது. பாய்ச்சல் பெரும்பாலும் முதுகுப் பக்கமாகவே வருகிறது. ஆகவே குடை பிடித்துக்கொள்ளுங்கள், அல்லது தலைக்கு மேல் உயர்ந்து நிற்கும்படி ஒரு குச்சியைப் பிடித்துக்கொள்ளுங்கள். பறவை உயர்ந்த முனையைத்தான் குறிவைக்கும். குச்சியை வீசவோ ஓடவோ வேண்டியதில்லை. முடிந்தால் அதன் பக்கமே பார்த்தபடி மெல்ல நகருங்கள். குஞ்சு பறந்துவிட்டால் பாய்ச்சலும் தானாக நின்றுவிடும். கூட்டைக் கலைப்பது சட்டப்படி குற்றம். கலைத்தாலும் அதே மரத்தில் மறுபடி கட்டத் தொடங்குமாதலால் தொல்லையின் நாள்கள்தாம் நீளும். கடற்கரையில் தின்பண்டத்தைக் கையிலிருந்து பறிக்கும் பருந்துக்குக் காரணம் வேறு: இறைச்சித் துண்டுகளை மேலே வீசிப் பழக்கியவர்கள் அங்கே இருக்கிறார்கள். நகம் கீறியிருந்தால் காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் நீரில் நன்றாகக் கழுவிவிட்டு, டெட்டனஸைத் தடுக்கும் டி.டி. ஊசி தேவையா என்று மருத்துவரிடம் கேளுங்கள். கண்ணுக்கருகே பட்டிருந்தால் அன்றே கண் மருத்துவரிடம் காட்டுவது அவசியம்.

மூன்றாம் படி: போர்த்துங்கள், பிறகு தூக்குங்கள்

வனத்துறையினர் அரை மணி நேரத்தில் வந்துவிடுவார்கள் என்றால் நீங்கள் தொடவே வேண்டாம். பறவையின்மேல் ஒரு கூடையைக் கவிழ்த்து, அதன்மேல் துணி போர்த்திக் காத்திருங்கள். சாலை நடுவிலோ நாய்களுக்கிடையிலோ கொதிக்கும் தளத்திலோ கிடந்தால்தான் நீங்களே எடுக்க வேண்டியிருக்கும்.

பலரும் அலகைக் கண்டு அஞ்சுகிறார்கள். அலகு கிழிக்கும் கருவி. கொல்லும் கருவி கால்தான். பழந்தமிழ் உகிர் என்று சொன்ன அந்த வளைநகங்கள், குறிப்பாகப் பின்விரலின் நகம், கையுறையில்லாத உள்ளங்கையில் எலும்புவரை இறங்கும். ஒரு கிலோ எடைகூட இல்லாத பருந்தின் பிடியை ஒருவர் தனியாக விடுவித்துக்கொள்வது கடினம். மல்லாந்து கிடக்கும் பறவை சோர்ந்துவிட்டதாக எண்ணிக் கையை நீட்டாதீர்கள். இரண்டு காலையும் மேலே தூக்கிக் காத்திருக்கும் தற்காப்பு நிலை அது.

தேவையானவை: தடித்த டர்க்கித் துண்டு ஒன்று, தோல் கையுறையோ தோட்டவேலைக் கையுறையோ ஒரு இணை, முகக்கவசம், அட்டைப் பெட்டி. முதலில் பெட்டியைத் திறந்து பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பறவையைப் பிடித்த பிறகு பெட்டி தேடி ஓடுகிற காட்சியை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். பின்புறமாகச் சென்று, துண்டை விரித்து, தலை உட்பட உடல் முழுவதும் மூடும்படி ஒரே வீச்சில் போர்த்துங்கள். கண் மறைந்ததும் பெரும்பாலான பறவைகள் அசைவை நிறுத்திவிடும். துண்டின் மேலிருந்தே இரண்டு கையாலும் இறக்கைகளை உடலோடு சேர்த்து மென்மையாக அணைத்து, விரல்களைக் கீழே கொண்டுபோய்த் தொடைப்பகுதியில் கால்களைப் பற்றுங்கள். கால்கள் உங்கள் முகத்துக்கும் மார்புக்கும் எதிர்ப்புறம் இருக்கட்டும். மார்பை இறுக்கக் கூடாது. பறவைகளுக்கு மனிதரைப் போல் உதரவிதானம் இல்லை, நெஞ்செலும்பு முன்னும் பின்னும் அசைந்தால்தான் மூச்சு வாங்க முடியும்.

அப்படியும் நகம் கையில் ஏறிவிட்டால் இழுக்காதீர்கள். கால் மடங்கியிருக்கும்போது தசைநார்கள் விரல்களைப் பூட்டிவிடுகின்றன; நீங்கள் இழுக்க இழுக்கப் பூட்டு இறுகும். இன்னொருவர் பறவையின் காலை மெல்ல நீட்டிப் பிடித்தால் பிடி தளரும், பிறகு பின்விரலிலிருந்து தொடங்கி ஒவ்வொரு விரலாக எடுக்கலாம். யாரும் இல்லையென்றால் பறவையை இருட்டில் தரையில் நிற்கவிட்டு அசையாமலிருங்கள். தப்பிக்க வழி தெரிந்ததும் அதுவே விட்டுவிடும். வலிக்கத்தான் செய்யும்.

நான்காம் படி: பெட்டி, இருட்டு, அமைதி

பறவை உள்ளே நின்று திரும்ப முடிகிற அளவே பெட்டி இருந்தால் போதும்; மிகப் பெரிய பெட்டியில் இறக்கையை அடித்துக்கொண்டு மேலும் காயப்படும். பக்கங்களின் கீழ்ப்பகுதியில் பென்சில் பருமனில் பத்துப் பன்னிரண்டு துளைகள் இடுங்கள். அடியில் பழைய துண்டையோ செய்தித்தாளின் பல மடிப்புகளையோ விரியுங்கள். வைக்கோல் வேண்டாம், அதில் வளரும் பூஞ்சை நுரையீரலைத் தாக்கும். கிளிக்கூண்டும் கம்பிக்கூண்டும் அறவே கூடாது. கம்பியில் மோதி இறக்கையின் நீள்சிறகுகள் ஒடிந்தால், காயம் ஆறிய பறவைகூட அடுத்த இறகுதிர்ப்புவரை, அதாவது பல மாதங்கள், பறக்க முடியாமல் கிடக்கும்.

பெட்டியை நாடாவால் ஒட்டி, வீட்டில் சந்தடி மிகக் குறைந்த, காற்றோட்டமுள்ள அறையில் வையுங்கள். தொலைக்காட்சி, குழந்தைகள், நாய் எதுவும் அங்கே வேண்டாம். வேட்டைப் பறவைக்கு நாம் கொன்று தின்ன வந்த விலங்கு. தடவிக்கொடுப்பது அதற்கு ஆறுதல் தராது, மரண பயத்தைத்தான் தரும். அந்த அதிர்ச்சியிலேயே இறக்கும் பறவைகள் உண்டு. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை திறந்து பார்க்கும் ஆசையையும் அடக்கிக்கொள்ளுங்கள்.

கொடுக்கக் கூடாதவை

பெட்டியை மூடியதும் வீட்டுப் பெரியவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "பாவம், ஏதாவது கொடுக்கலாமே?" என்பதுதான். கொடுக்க வேண்டாம். பறவையின் மூச்சுக்குழல் வாய் நாக்கின் அடியிலேயே திறந்திருப்பதால், அலகைப் பிரித்து ஊற்றும் நீர் எளிதில் நுரையீரலுக்குள் போய்விடும். பாலைச் செரிக்கும் ஆற்றல் எந்தப் பறவைக்கும் இல்லை. சோறு, ரொட்டி, பிஸ்கட் ஆகியவை ஊனுண்ணிக்கு உணவேயல்ல. உப்புக் கலந்த சமைத்த இறைச்சியும் ஆகாது. பச்சைக் கோழிக்கறி சரிதானே என்றால், பல நாள் பட்டினி கிடந்து உடல்நீர் வற்றிய பறவைக்குத் திடீரென்று ஊன் ஊட்டுவதே அதைக் கொன்றுவிடக்கூடும். முதலில் மருத்துவர் நீர்ச்சத்தை ஏற்றியாக வேண்டும். நல்ல நிலையில் இருந்த வேட்டைப் பறவை ஒரு நாள் உண்ணாமல் இருப்பதால் கெட்டுவிடாது.

கத்திரி வெயிலில் வாயைத் திறந்து, இறக்கையைத் தளரவிட்டு, மேலே காயம் ஒன்றும் இல்லாமல் விழும் பறவைகள் மட்டும் விதிவிலக்கு. அவற்றை நிழலுக்கு மாற்றி, பக்கத்தில் அகலமான ஆழமற்ற தட்டில் தண்ணீர் வைத்துவிட்டு விலகுங்கள். தானாகக் குடித்தால் குடிக்கட்டும். மேலே லேசாக நீர் தெளிக்கலாம், குளிர்நீரில் முக்கக் கூடாது.

காயத்தின் காரணம் தெரிந்தால் செய்ய வேண்டியவை

*மாஞ்சா நூல்:* கண்ணாடித்தூள் பூசிய நைலான் நூலைத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2017-இல் நாடு முழுவதும் தடை செய்தது. ஆனாலும் விடுமுறை நாள்களில் வானத்தைப் பார்த்தால் தடை இருப்பதாகத் தெரியாது. மரத்தில் தொங்கும் பறவையை நூலைப் பிடித்து இழுத்து இறக்குவது இறக்கையை அறுத்துவிடும். தீயணைப்பு மீட்புப் பணித் துறையை அழையுங்கள். ஏற முடிந்தவர் பறவையைத் துணியால் தாங்கிக்கொண்டு, நூலை உடலுக்கு இரண்டு பக்கமும் ஒரு சாண் விட்டு வெட்ட வேண்டும். காயத்துக்குள் புதைந்த நூலை நீங்கள் உருவாதீர்கள். தோள்முதல் மணிக்கட்டுவரை இறக்கையின் முன்விளிம்பாக விரியும் தோல்மடிப்பு மிக மெல்லியது. அதில் விழும் வெட்டை மருத்துவர் தைக்கும் விதத்தைப் பொறுத்தே அந்தப் பறவை மறுபடி பறக்குமா என்பது முடிவாகும். மஞ்சள்தூளும் களிம்பும் அப்பி அனுப்பினால் அவர் அதைச் சுரண்டி எடுப்பதிலேயே நேரம் போகும்.

*மின்கம்பி:* கம்பியில் தொங்கும் பறவையைக் கழியால் தட்ட முயன்று உயிர்விட வேண்டாம். மின்வாரியம் இணைப்பைத் துண்டிக்கும்வரை அருகிலும் போகாதீர்கள். கீழே விழுந்த பறவை முதல் நாளில் நன்றாக நிற்பதுபோல் தோன்றினாலும், மின்சாரம் கருக்கிய திசு சில நாள் கழித்தே அழுகத் தொடங்கும். ஆகவே அதை உடனே பறக்கவிடக் கூடாது.

*கண்ணாடி:* சன்னல் கண்ணாடியில் மோதி மயங்கிய பறவையை இருட்டுப் பெட்டியில் ஓரிரு மணி நேரம் வைத்திருந்து, திறந்த வெளியில் கொண்டுபோய் மூடியைத் திறந்தால் பல வேளைகளில் பறந்துவிடும். அதன்பிறகும் தள்ளாடினால் மருத்துவரிடம் போக வேண்டும்.

*நஞ்சு:* அருகில் செத்த எலியோ குருணைமருந்து கலந்த தானியமோ கிடந்தால் நஞ்சைச் சந்தேகியுங்கள். வயலோரம் மயில்கள் இப்படித்தான் கூட்டமாகச் சாகின்றன. வாந்தியை வெறுங்கையால் தொடாமல், எலியை உறையிலிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள். ஒரே இடத்தில் பல காகங்களோ நீர்ப்பறவைகளோ செத்துக் கிடந்தால் எதையும் தொடாமல் கால்நடைப் பராமரிப்புத் துறைக்குச் சொல்லிவிடுங்கள். 2021 தொடக்கத்தில் ராஜஸ்தானிலும் மத்தியப் பிரதேசத்திலும் காகங்கள் கொத்தாக இறந்தது பறவைக் காய்ச்சலால்தான்.

வேட்டைப் பறவை அல்லாதவை

கொக்கும் நாரையும் பாம்புத்தாராவும் நகத்தால் அல்ல, அலகால் தாக்கும். அதுவும் பளபளப்பைக் குறிவைத்து நேராகக் கண்ணில் குத்தும். முதலில் தலையைத் துணியால் மூடிக் கழுத்தைப் பற்றிய பிறகே உடலைத் தூக்க வேண்டும், கண்ணாடி அணிந்துகொள்வது நல்லது. நீர்க்காகத்துக்கும் கூழைக்கடாவுக்கும் மூக்குத் துளை வெளியே திறந்திருப்பதில்லை. வாய்வழியே மூச்சுவிடும் இவற்றின் அலகைக் கயிற்றால் கட்டினால் மூச்சு முட்டி இறந்துவிடும்.

ஐப்பசி வாக்கில் உங்கள் குளியலறையிலோ வாகன நிறுத்தத்திலோ பச்சை, நீலம், மஞ்சள், சிவப்பு என்று பல நிறம் கொண்ட குட்டை வால் பறவை ஒன்று அசையாமல் நின்றால் திகைக்க வேண்டாம். அது ஆறுமணிக்குருவி. இமயமலை அடிவாரத்திலும் நடு இந்தியாவிலும் இனப்பெருக்கம் செய்துவிட்டு, இரவில் பறந்து தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் வரும் வலசைப் பறவை. களைப்பாலோ விளக்கொளியில் திசை தடுமாறியோ நகரத்தில் இறங்கிவிடும். பகல் முழுவதும் பெட்டியில் ஓய்வெடுக்க வைத்து, பூனை இல்லாத புதர்நிழலில் மாலையில் விட்டால் பெரும்பாலும் போதும். வீட்டுக்குள் வந்த விருந்தினர்களில் இதைவிட அழகானவரை நான் பார்த்ததில்லை.

ஐந்தாம் படி: ஒப்படையுங்கள்

1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி காட்டுப் பறவை எதையும் வீட்டில் வைத்து வளர்க்க அனுமதியில்லை. வேட்டைப் பறவைகள் பலவும் உயர்ந்த பாதுகாப்புத் தரும் முதல் அட்டவணையில் இருக்கின்றன. பிடிப்பதே வேட்டையாடல் என்னும் வரையறைக்குள் அடங்கும். காயமுற்ற பறவை உங்கள் கைக்கு வந்தால், 48 மணி நேரத்துக்குள் அருகிலுள்ள காவல் நிலையத்துக்கோ வனத்துறை அலுவலருக்கோ தெரிவிக்க வேண்டும் என்கிறது 39-ஆம் பிரிவு. நல்லெண்ணத்தோடு எடுத்தவரைக் குற்றவாளியாக்குவதற்காக எழுதப்பட்ட விதியன்று இது. ஆனால் மாதக்கணக்கில் வைத்திருந்தவர் நல்லெண்ணத்தை மெய்ப்பிப்பது கடினம்.

ஆகவே இன்றே உங்கள் பகுதியின் வனச்சரக அலுவலக எண்ணைத் தேடிக் கைப்பேசியில் பதிந்து வையுங்கள். அழைக்கும்போது இடம், நேரம், பறவையின் நிலை, எப்படி அகப்பட்டது என்பவற்றைச் சொல்லி, தொலைவிலிருந்து எடுத்த ஒரே ஒரு படத்தை அனுப்புங்கள். வரத் தாமதமானால் அவர்களிடம் சொல்லிவிட்டு அரசு கால்நடை மருத்துவமனைக்கு நீங்களே கொண்டுபோகலாம். சென்னையில் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. ஆந்தையை விலைக்குக் கேட்டு வருகிறவர் இருந்தால், குறிப்பாகத் தீபாவளியை ஒட்டி, அதையும் வனத்துறையிடம் சொல்லுங்கள். பூசைக்குப் பலியிடும் வணிகம் இன்னும் ஓயவில்லை.

நாமே வளர்த்துப் பறக்கவிடலாமே என்று கேட்பவர்களுக்கு ஒரு விடை: கண் திறந்த நாளிலிருந்து மனிதரை மட்டுமே பார்த்து வளரும் பருந்துக் குஞ்சு தன்னை மனித இனமாகவே எண்ணிக்கொள்ளும். வேட்டையாடத் தெரியாது, துணையைத் தேடாது, பசித்தால் தெருவில் போகிறவர் தோளில் வந்து இறங்கும். இறங்கிய இடத்தில் அடிபட்டுச் சாகும்.

எங்கே விடுவது என்பதையும் அறிந்தவர்களே முடிவு செய்ய வேண்டும் என்பதற்கு நம் மாநிலத்திலேயே ஒரு கதை உண்டு. 2017 இறுதியில் ஒக்கி புயலுக்குப் பின் கன்னியாகுமரி மாவட்டத்தில் சினேரியஸ் பாறு ஒன்று சோர்ந்து கிடந்தது. பாறு என்பது செத்த விலங்குகளைத் தின்னும் பிணந்தின்னிக் கழுகு. வடக்கே மலைகளில் வாழ்ந்து, குளிர்காலத்தில் ராஜஸ்தான் போன்ற வறண்ட நிலங்களுக்கு வரும் பேருருவப் பறவை அது. தெற்கு முனையில் அதற்கு இனமும் இல்லை, உணவும் இல்லை. உதயகிரிக் கோட்டைப் பல்லுயிர்ப் பூங்காவில் ஏறக்குறைய ஐந்து ஆண்டுகள் பராமரிக்கப்பட்டு, 2022 நவம்பரில் விமானத்தில் ஜோத்பூருக்கு அனுப்பப்பட்டது. தேறியதும் அங்கேயே திறந்துவிட்டிருந்தால் ஒரு வாரமும் தாங்கியிருக்காது.

நீலகிரிச் சாரலில் மாயாற்றுப் பள்ளத்தாக்குப் பக்கம் பாறு ஒன்று கீழே கிடப்பதைக் கண்டால், கைவைக்காமல் வனத்துறையை உடனே அழையுங்கள். மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபினாக் மருந்தால் நாடெங்கும் பாறுகள் அழிந்த பிறகு தென்னிந்தியாவில் அவை எஞ்சியிருக்கும் மிகச் சில இடங்களுள் அதுவும் ஒன்று. கால்நடைப் பயன்பாட்டில் அந்த மருந்துக்கு 2006-இல் தடை வந்தது. இறந்த பாறுகூட எதனால் இறந்தது என்பதைச் சொல்லுமாதலால் அதன் உடலும் ஆய்வுக்குத் தேவை.

கடைசிப் படி: விடுவித்தல்

மருத்துவர் பறக்கலாம் என்று சொன்ன பறவையை, அல்லது கண்ணாடியில் மோதித் தெளிந்த பறவையை, எடுத்த இடத்திலேயே விட வேண்டும். அங்கேதான் அதன் துணையும் எல்லையும் பழகிய மரங்களும் இருக்கின்றன. மழை, பலத்த காற்று, உச்சி வெயில் ஆகியவை இல்லாத வேளையாகப் பாருங்கள். பருந்தையும் வல்லூற்றையும் காலையில் விடுவது நல்லது, இரை தேடப் பகல் முழுவதும் கிடைக்கும். பகலில் கூகையைக் காகம் வெல்லும் என்பது தமிழர் நெடுங்காலமாக அறிந்த செய்தி. ஆந்தையைக் காகங்கள் அடங்கிய பின், அந்தி மங்கும் நேரத்தில்தான் திறந்துவிட வேண்டும்.

மேலே தூக்கி எறிவது திரைப்படத்தில் நன்றாக இருக்கும். பெட்டியை உயரமான திண்டில் வைத்து, திறந்த வெளியை நோக்கி மூடியைத் திறந்துவிட்டுப் பின்னால் நகருங்கள். சில பறவைகள் நொடியில் பாயும். சில கால் மணி நேரம் உள்ளேயே நின்று வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும். தட்டி எழுப்பாதீர்கள். வல்லூறு வெளியே வந்தவுடன் கரிச்சான்களும் காகங்களும் துரத்தத் தொடங்கும். நலமான பறவை அதைச் சமாளித்துவிடும். அரை மணி நேரமாவது அங்கே இருந்து, தரையில் இறங்கிவிடுகிறதா என்று கவனியுங்கள். இறங்கிவிட்டால் மறுபடியும் துண்டு, மறுபடியும் பெட்டி. கிளையில் அமர்ந்து, உடலைச் சிலிர்த்து, இறகைக் கோதத் தொடங்கிவிட்டால் நீங்கள் வீட்டுக்குப் போய்க் கையைக் கழுவலாம்.